முதியோர் வாய்மொழியும் நில உரிமையும்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு எழுத்தின் மதிப்பை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பங்குத் தொகை செலுத்தினால் ரசீது. கடன் பெற்றால் பத்திரம். மகாசபை கூடினால் தீர்மானப் புத்தகம். நிலமென்றால் பட்டாவும் அடங்கலும் வில்லங்கச் சான்றும் இருக்கின்றன. வாய்ப்பேச்சு காற்றோடு போகும், எழுதி வைத்ததே நிற்கும் என்பது நமக்கு அனுபவத்தில் ஊறிய பாடம். ஆனால் எழுத்தைக் கைக்கொள்ளாமலே தலைமுறை தலைமுறையாக நிலத்தை ஆண்டு, எல்லை வகுத்து, வாரிசு நியமித்து, தகராறு தீர்த்து வாழ்ந்துவந்த ஆதிக்குடிகள் உலகின் பல பாகங்களில் உண்டு. அவர்களுடைய பட்டாவும் பத்திரமும் முதியோரின் நினைவிலும் நாவிலுமே இருந்துவந்தன. வெளியிலிருந்து வந்த சர்க்கார், "இது உன் நிலமென்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கும்போது, அம்முதியவர் வாய்திறந்து சொல்வது ஆதாரமாகுமா, ஆகாதா? இது வெறும் பழம்பெருமை பற்றிய கேள்வியன்று. காடும் ஆறும் மேய்ச்சல் நிலமும் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி.

கனடா தேசத்தில் இக்கேள்வி நீதிமன்றத்துக்கு வந்து 1984 முதல் 1997 வரை பதின்மூன்று ஆண்டுகள் நடந்தது. அவ்வழக்கின் வரலாற்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல எண்ணுகிறோம். நம் நாட்டிலும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏறக்குறைய இதே கேள்விக்கு விடை கூறியிருப்பதால், மலைப்பகுதிச் சங்கங்களைச் சேர்ந்த நம் அங்கத்தினர்களுக்கு இது அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் இராது.

சபையே தீர்மானப் புத்தகம்

கனடாவின் மேற்குக் கரையில் உள்ளது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். அதன் வடமேற்கில், ஸ்கீனா என்னும் பேராறும் அதில் வந்து கலக்கும் பல்க்லி ஆறும் பாயும் மலைநாட்டில், கிட்சான், வெட்சுவெட்டென் என்னும் இரு ஆதிக்குடிகள் அக்கம்பக்கமாக வாழ்கின்றனர். அவர்களுடைய மொழிகள் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஆயினும் ஆட்சிமுறை பெரும்பாலும் ஒத்தது. கடலிலிருந்து ஆற்றேறி வரும் சால்மன் மீன் அவர்களுக்கு நமது நெல்லைப் போன்றது. மீன்துறை எது, பழம் பறிக்கும் சரிவு எது, வேட்டைக்காடு எது என்பதெல்லாம் 'வீடு' என்று அவர்கள் வழங்கும் குடும்பத் தொகுதிகளின் பேரில் பிரிக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் தாயின் வீட்டைச் சேர்ந்தவர்கள். உரிமையும் தாய்வழியே இறங்கும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தலைவர். அவர் ஏற்கும் பெயர் அவருடைய சொந்தப் பெயரன்று, பரம்பரைப் பட்டப்பெயர். அவர் காலமானதும் வாரிசு அப்பெயரையே சூடிக்கொள்கிறார். நாம் சொல்லவிருக்கும் வழக்குக்கு 'டெல்கமூக்' என்று பெயர் வழங்குகிறது. அது ஓர் ஆளின் பெயரென்று நினைப்பவர் பலர். உண்மையில் அது ஒரு கிட்சான் பட்டம். வழக்கு நடந்த காலத்துக்குள்ளேயே அப்பட்டம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறியது. நம் சங்கத்தில் தலைவர் மாறினாலும் 'தலைவர்' என்ற பதவியின் பேரிலுள்ள உரிமையும் பொறுப்பும் மாறாதிருப்பது போலத்தான் இது.

பட்டத்தோடு நிலமும், நிலத்தோடு ஒரு வரலாறும் சேர்ந்து இறங்கும். அவ்வரலாற்றைக் கிட்சான் மக்கள் 'அடாவ்க்' என்பர். அது பாட்டி சொல்லும் பொழுதுபோக்குக் கதையன்று. அவ்வீட்டின் முன்னோர் எங்கிருந்து வந்தனர், எந்தப் பஞ்சத்தில் எந்த ஆற்றைக் கடந்தனர், இந்நிலம் எவ்வாறு அவர்கள் வசமாயிற்று, எந்தப் பாறையும் எந்த ஓடையும் எல்லை என்பவற்றை முறையான சொற்களிலும் பாடல்களிலும் கோத்த வரலாறு. வெட்சுவெட்டென் மக்களிடமும் 'குங்காஹ்' என்ற பெயரில் பாடலும் ஆடலும் கலந்த இத்தகைய வரலாறு உண்டு. ஒரு வீட்டின் அடாவ்க் அவ்வீட்டின் சொத்து. அண்டை வீட்டாருக்கு அது மனப்பாடமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் அதை எடுத்துச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

இனி, அது எங்கே சொல்லப்படுகிறது என்பதே கவனிக்கத்தக்கது. தலைவர் ஒருவர் இறந்து வாரிசு பட்டமேற்கும்போதும், குலச்சின்னங்கள் செதுக்கிய நெடிய மரக்கம்பத்தை நாட்டும்போதும் அவ்வீட்டார் ஒரு விருந்துச் சபை கூட்டுவர். வேறு குலத்தாரை அழைத்துப் பதவி வரிசைப்படி அமர்த்துவர். அச்சபையில் பட்டம் அறிவிக்கப்படும், வரலாறு சொல்லப்படும், நிலம் இன்னதென்று கூறப்படும். வந்த விருந்தினர் உணவுண்டு போக மட்டும் வந்தவர்களல்லர், அவர்களே சாட்சிகள். சொல்லியதில் பிழையிருந்தால் அங்கேயே எழுந்து ஆட்சேபிக்க வேண்டியது அவர்கள் கடமை. ஆட்சேபமின்றி அமர்ந்திருந்து, முடிவில் விருந்தளித்தவர் பகிரங்கமாக வழங்கும் பொருளையும் பணத்தையும் பெற்றுக்கொண்டால், சொன்னதை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். நம் மகாசபையில் தீர்மானம் படிக்கப்பட்டு, ஆட்சேபம் கேட்கப்பட்டு, கையொப்பமாவதற்கும் இதற்கும் வித்தியாசம் மிகச் சிறிது. நாம் புத்தகத்தில் எழுதுகிறோம்; அவர்கள் நூறு பேர் நினைவில் எழுதுகிறார்கள். யாரும் தனித்துத் திருத்த முடியாத நினைவு என்பது அதன் பலம்.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி சொல்லலாம். அக்கரையோர மக்களின் பெரிய சபைகளில் தலைவர்கள் அணிந்த சில்கட் போர்வைக்கு, மலையாட்டு மயிரோடு சீடர் மரப்பட்டை நாரையும் முறுக்கிப் பாவு செய்வர். நாடா கிடையாது. பாவு நூல்கள் மேற்கட்டையிலிருந்து கீழே தொங்க, ஊடையைக் கைவிரலாலேயே பின்னிச் செல்வர். ஆடவர் பலகையில் தீட்டிய கோலத்தைப் பார்த்துப் பெண்டிர் நெய்வது வழக்கம். அதில் வரும் குலச்சின்னம் ஒரு வீட்டுக்குரியது. பிறர் அதை நெய்து போர்த்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒருவர் போர்த்திய போர்வையே அவர் இன்ன வீட்டார் என்று சபைக்குச் சொல்லிவிடும்.

தடை செய்யப்பட்ட காலம்

இச்சபைகளைக் கனடா சர்க்கார் 1885 முதல் சட்டப்படி தடை செய்தது. விருந்து கூட்டுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பாடுபட்டுச் சேர்த்ததை ஒரே நாளில் வாரி வழங்குவது வீண் செலவு, நாகரிகத்துக்கு இடையூறு என்பது அவர்கள் கூறிய காரணம். சாட்சிக்கு உரிய மரியாதையை வீண் செலவென்று எண்ணியது அறியாமையே என்பது நமது அபிப்பிராயம். சபையைத் தடுத்தால் பட்டமேற்பு இல்லை. பட்டமேற்பு இல்லையேல் வரலாறு சொல்ல இடமில்லை. போதாக்குறைக்கு, குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்துத் தாய்மொழி பேசினால் தண்டித்தனர். நாடெங்கும் சுமார் 1,50,000 குழந்தைகள் அப்பள்ளிகளுக்குச் சென்றதாகக் கணக்கு. 1927இல் வேறொரு விதியும் வந்தது: ஆதிக்குடிகள் நில உரிமை கோரி வழக்காடுவதற்காக அனுமதியின்றிப் பணம் வசூலிப்பதே குற்றம். இவ்விரு தடைகளும் 1951இல்தான் சட்டத்திலிருந்து நீங்கின.

தடைக்காலத்திலும் சபைகள் முற்றிலும் நின்றுவிடவில்லை. 1945ஆம் ஆண்டு கிட்செகுக்லா என்னும் கிட்சான் ஊரில் கம்பங்கள் நாட்டும் விருந்து நடந்தது. அதற்கு வில்லியம் பைனன் என்பவர் அழைக்கப்பட்டிருந்தார். அவர் அண்டைக் குடியான சிம்ஷியன் மக்களிடையே தாய்வழியில் தலைவர் பட்டம் பெற்றவர். ஆங்கிலமும் நன்கு கற்றவர். 1915 முதலே முதியோரிடம் கேட்டு வரலாறுகளை எழுதிச் சேர்த்துவந்தார். அந்த விருந்தில் கண்டதையும் கேட்டதையும் நான்கு குறிப்பேடுகளில் எழுதினார். 1958இல் அவர் காலமானார். அக்குறிப்பேடுகள் 2000ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. வெளியூர் அறிஞர்கள் எழுதிய குறிப்புகளைவிட இவருடையவை நம்பத்தக்கவையாயிருப்பதற்குக் காரணம் எளியது. சபையில் அவர் வேடிக்கை பார்க்க உட்காரவில்லை. உரிய ஆசனத்தில் சாட்சியாக உட்கார்ந்திருந்தார்.

374 நாள் விசாரணை

1984இல் கிட்சான், வெட்சுவெட்டென் தலைவர்கள் தங்கள் வீடுகளின் சார்பில் மாகாண சர்க்கார் மீது வழக்குத் தொடர்ந்தனர். மொத்தம் 71 வீடுகள், 133 நிலப்பகுதிகள், பரப்பு 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய பாதிக்குச் சற்றுக் குறைவு என்று கொள்ளலாம். அந்நிலத்தில் மரம் வெட்டும் உரிமையை மாகாண சர்க்கார் கம்பெனிகளுக்கு வழங்கிவந்தது. எங்களிடமிருந்து இந்நிலத்தை யாரும் வாங்கவுமில்லை, உடன்படிக்கை செய்துகொள்ளவுமில்லை என்பது தலைவர்களின் வாதம்.

1987 மே மாதம் ஸ்மிதர்ஸ் என்னும் சிற்றூரில் விசாரணை தொடங்கிற்று. பின்னர் வான்கூவர் நகரத்துக்கு மாற்றப்பட்டது. மொத்தம் 374 நாட்கள். நேரில் வந்த சாட்சிகள் 61 பேர். பலர் தாய்மொழியிலேயே பேசினர். மொழிபெயர்ப்பாளர் போதவில்லை, பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்வதற்கென்றே, நீதிமன்றச் சுருக்கெழுத்தாளருக்கு உதவியாகத் தனி ஆட்கள் வேண்டியிருந்தனர். நீதிமன்றத்துக்கு வர இயலாத வயோதிகர் முதலிய 15 பேரின் வாக்குமூலம் விசாரணைக்கு வெளியே தனியாகப் பதிவு செய்யப்பட்டது. அவர்களில் ஜானி டேவிட் என்னும் வெட்சுவெட்டென் முதியவர் தொண்ணூறு வயதைக் கடந்தவர். 1985இலேயே அவர் வீட்டுக்கு வழக்கறிஞர்கள் சென்று வாக்குமூலம் வாங்கத் தொடங்கினர். விசாரணை தொடங்கும் வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டி யோசித்த செயல் அது. நமது பார்வையில் அவ்வழக்கிலேயே மிகவும் புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

சாட்சியம் சொல்ல வந்தவர்களில் மேரி ஜான்சன் என்ற மூதாட்டியும் ஒருவர். 'அன்ட்குலிலிபிக்ஸ்' என்பது அவருடைய பட்டம். தம் வீட்டின் அடாவ்க்கைச் சொல்லிவருகையில் அதன் பகுதியான ஒரு துக்கப் பாடலைப் பாட வேண்டிய கட்டம் வந்தது. பாடித்தான் ஆக வேண்டுமா, சொற்களை எழுதிக் கொடுத்தால் போதாதா என்று நீதிபதி ஆலன் மெக்கெக்கரன் தயங்கினார். தமக்குச் சங்கீதக் காது கிடையாது, பாடுவதால் தமக்குப் பயனில்லை என்றும் சொன்னார். மூதாட்டி பாடினார். நீதிபதி மீது குற்றம் காண்பது சுலபம். ஆனால் நாமும் அந்நாற்காலியில் இருந்திருந்தால், பாட்டு எப்படிப் பத்திரமாகும் என்றே எண்ணியிருப்போம். அவர்களுக்கோ அப்பாடல் பத்திரத்திலுள்ள முத்திரை. பாடாமல் விட்டால் வரலாறு முத்திரையில்லாத பத்திரமாகிவிடும்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் முக்கிய ஆட்சேபம் யாதெனில், இவையெல்லாம் செவிவழிச் சாட்சியம் என்பது. கண்ணால் கண்டவர்தாம் சாட்சி. மற்றொருவர் சொல்லக் கேட்டது சாட்சியாகாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய விதி. இந்த விதியை அப்படியே பிடித்தால், எழுத்தில்லாத மக்கள் தம் பாட்டன் காலத்து விஷயம் எதையும் நிரூபிக்கவே முடியாது.

ஆதலால் தலைவர்கள் வாய்மொழியோடு நின்றுவிடாமல் வேறு சான்றுகளையும் தேடினர். ஓர் அடாவ்க்கில், மீன்களின் எலும்பை அணிகலனாக்கி அவமதித்த பெண்களின் செய்கையால் ஏரியிலிருந்து 'மெடீக்' என்னும் கரடி வடிவ மாபெரும் பிராணி எழுந்து, மரங்களை வேரோடு சாய்த்துக்கொண்டு ஓடை வழியே வந்து ஊரை அழித்ததாக வருகிறது. ஹேசல்டன் ஊருக்கு அருகிலுள்ள சீலி ஏரியையே அவ்வேரி என்பர். புவியியல் நிபுணர்கள் அங்கே ஏரியின் அடிமண்ணைக் குழாயிறக்கி எடுத்து ஆராய்ந்ததில், சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் பெரியதொரு மலைச்சரிவு நேர்ந்திருப்பதற்கு அடையாளம் கிடைத்தது. கரடி என்று சொன்னது மலைச்சரிவைத்தானோ, அப்படியாயின் இம்மக்கள் அன்றே அங்கிருந்தனர் அல்லவா, என்று வாதம் எழுந்தது. நீதிபதிக்கு அது திருப்தியளிக்கவில்லை.

1991 மார்ச்சு 8ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அடாவ்க்கைச் சாட்சியமாகக் கேட்டுக்கொண்டாலும், அதற்குத் தனித்த எடை கொடுக்க முடியாது. புராணமும் நிகழ்ச்சியும் அதில் கலந்திருக்கின்றன. நிலம் பற்றிய விவரம் போதாது என்று சொல்லி வழக்கைத் தள்ளினார். 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் நில உரிமை கிடைக்கவில்லை.

1997 டிசம்பர் 11ஆம் தேதி கனடாவின் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. பிரதம நீதிபதி லமேர் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: வாய்மொழி வரலாற்றில் புராணம் கலந்திருக்கிறது, அது ஒரு சமூகத்துக்குள்ளேயே வழங்குகிறது என்பவை அதன் இயல்பான குணங்கள். அக்குணங்களையே குறையாகக் காட்டித் தள்ளினால் எந்த வாய்மொழியும் எந்நாளும் ஏறாது. ஆகவே நீதிமன்றங்கள் அதைத் தமக்குப் பழக்கமான எழுத்துச் சான்றுகளுக்குச் சமமான இடத்தில் வைத்து நோக்க வேண்டும். நிலம் யாருடையது என்பதை அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை. மறுவிசாரணைக்கு உத்தரவிட்டு, பேச்சுவார்த்தையே மேலென்று ஆலோசனை கூறியது. அந்த மறுவிசாரணை நடைபெறவேயில்லை. 2020 மே மாதத்தில்தான், வெட்சுவெட்டென் வீடுகளின் உரிமையை ஒப்புக்கொள்ளும் ஓர் உடன்பாட்டுக் குறிப்பில் கனடா சர்க்காரும் மாகாண சர்க்காரும் தலைவர்களோடு கையெழுத்திட்டன. அதற்கு முன் அவர்கள் நிலத்தின் வழியே எரிவாயுக் குழாய் போடுவதை எதிர்த்துப் பலர் கைதாகவும் நேர்ந்தது. தீர்ப்பு வந்ததும் நிலம் வந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை.

இருப்பினும் 1997இன் தீர்ப்பு அதே மாகாணத்தைச் சேர்ந்த வேறொரு குடியினருக்குக் கைகொடுத்தது. சில்கோட்டின் மக்கள் தொடுத்த வழக்கில் முதியோர் பலர் சாட்சி சொன்னார்கள். விசாரணை 339 நாட்கள். 2014 ஜூன் 26ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சுமார் 1,750 சதுர கிலோமீட்டர் நிலம் அவர்களுக்கே உரியதென்று அறிவித்தது. கனடாவில் குறிப்பிட்டதொரு நிலத்தின்மீது ஆதிக்குடி உரிமையை நீதிமன்றம் அறிவித்தது அதுவே முதல் தடவை.

இவ்வழக்கை ஆரம்பத்தில் விசாரித்த நீதிபதி விக்கர்ஸ் 2004இல் வகுத்த ஒழுங்கு நமக்கு மிகவும் பயன்படக்கூடியது. முதியவர் வரலாற்றைச் சொல்லத் தொடங்குமுன் சில விஷயங்கள் தெரிய வேண்டும் என்றார் அவர். இவ்வரலாற்றைச் சொல்ல உங்கள் சமூகத்தில் யாருக்கு உரிமை? அது எவ்வாறு காப்பாற்றப்பட்டுவருகிறது? நீங்கள் யாரிடம் கேட்டீர்கள்? அவர் யார், யாரிடம் கற்றவர்? சொல்லப்போவது நீங்களே கண்டதா, கேட்டறிந்ததா? இக்கேள்விகள் முதியவரை மடக்குவதற்காக அல்ல. சங்கிலியின் கண்ணிகளை எண்ணிப் பார்ப்பதற்காக. வாய்மொழிக்கு எல்லையும் உண்டு என்பதை மறக்கலாகாது. 2001இல் வேறொரு வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், எந்தச் சான்றின்மீதும் அது தாங்கக்கூடியதற்கு மேற்பட்ட பாரத்தை ஏற்றக்கூடாது என்று எச்சரித்தது. அது நியாயமான எச்சரிக்கை.

நம் நாட்டு விதி

இனி நம் நாட்டுக்கு வருவோம். பழங்குடியினர் மற்றும் இதர பாரம்பரிய வனவாசிகளின் வன உரிமைகளை அங்கீகரிக்கும் சட்டம் 2006இல் நிறைவேறிற்று. அதற்கான விதிகள் 2008 ஜனவரி முதல் அமலுக்கு வந்தன. அவற்றில் 13ஆம் விதி, உரிமை கோருவோர் எவற்றையெல்லாம் சான்றாகக் காட்டலாம் என்று கூறுகிறது. சர்க்கார் ஆவணங்கள், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை இவற்றோடு, வீடு, வரப்பு, பழைய கட்டடங்களின் எச்சம், இடுகாடு, புனிதத் தோப்பு, வம்சாவளி ஆகியவையும் சான்றே. அப்பட்டியலில் ஒன்று, உரிமை கோருபவர் அல்லாத முதியோர் சொன்னதை எழுத்தில் வடித்த வாக்குமூலம். கனடாவில் பதின்மூன்று ஆண்டு வழக்காடிப் பெற்றதை ஒத்ததொன்று நம் மலைவாழ் மக்களுக்கு விதியின் ஒரு வரியாகவே கிடைத்திருக்கிறது. நீலகிரியின் தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் முதல் சத்தியமங்கலம் மலையின் சோளகர், கல்வராயன், கொல்லிமலைப் பகுதிகளின் மலையாளிகள் வரை யாவருக்கும் இது பொருந்தும்.

இவ்விதியில் இரண்டு நுட்பங்கள் உள. ஒன்று, குழுக்கள் ஒரு சான்றை மட்டும் பாராமல், ஒன்றுக்கு மேற்பட்டவற்றைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். முதியவர் சொல்லோடு, அவர் காட்டும் இடுகாட்டுக் கல்லும் சேர வேண்டும். கிட்சான் மக்கள் கதையோடு ஏரி மண்ணையும் கொண்டுவந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, 'உரிமை கோருபவர் அல்லாத' என்ற சொற்கள். தன் நிலத்துக்குத் தானே சாட்சியாக முடியாது. அயலார் சொல்ல வேண்டும். விருந்துச் சபையில் வேறு குலத்தாரை அழைத்து உட்கார்த்துவதன் நியாயமும் இதுவே.

காலம் கடத்தினால் இந்த ஒரு வரி பயனற்றுப் போகும் என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். பழங்குடியினர் அல்லாத வனவாசிகள், 2005 டிசம்பர் 13ஆம் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். அது 1930ஆம் ஆண்டுக்குப் போகிறது. 1930இல் பத்து வயதாயிருந்தவருக்கு இன்று நூறு கடந்திருக்கும். ஆகவே நேரில் கண்ட சாட்சி என்று இனி எவரையும் எதிர்பார்ப்பதற்கில்லை. கேட்டறிந்தவரின் சாட்சியே மீதம். அவரிடமும் 'யார் சொல்லக் கேட்டீர்கள்' என்பதைக் குறித்து வைக்காவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். 2019 பிப்ரவரியில், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களைக் காட்டைவிட்டு வெளியேற்றும்படி நம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, அதே மாத இறுதியில் அதை நிறுத்தி வைத்தது. சான்றில்லாமையின் விளைவு என்ன என்பதை அந்த இரண்டு வாரங்கள் காட்டின.

நம் எல்லையை ஒட்டிய கர்நாடகத்துப் பிலிகிரி ரங்கசாமி மலையில் சோளகர் செய்த காரியம் பாராட்டுக்குரியது. அவர்களுடைய ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு நிலப்பகுதி உண்டு. அதற்கு 'எல்லெ' என்றே பெயர். தமிழருக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஒவ்வோர் எல்லெயிலும் தெய்வ இடம், ஊற்று, முன்னோர் கல் என்று இடங்கள் வகுக்கப்பட்டிருக்கும். முதியோரை முன்னிட்டு இளைஞர்கள் காட்டுக்குள் நடந்து, அவர்கள் காட்டிய நூற்றுக்கணக்கான இடங்களை அளவுகருவி கொண்டு வரைபடத்தில் ஏற்றினர். 2011இல் அம்மலையின் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை அங்கீகரிக்கப்பட்டது.

எழுதும் முறை

மலைவாழ் மக்கள் பெரும்பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தேனும் கடுக்காயும் கொள்முதல் செய்கின்றன. இவ்வேலையில் கிராம சபைக்கு உதவவும் அவற்றால் முடியும். பெரிய செலவில்லை. கைபேசியில் ஒலிப்பதிவு செய்யலாம். ஆனால் சில விஷயங்களில் கண்டிப்பு வேண்டும்.

முதியவர் எந்தப் பேச்சில் பேசுகிறாரோ அந்தப் பேச்சிலேயே பதிவு செய்ய வேண்டும். எழுதுகிறவர் தம் தமிழுக்கு மாற்றிவிட்டால் இடப்பெயர்கள் உருமாறும். இடப்பெயர் உருமாறினால் எல்லை போயிற்று. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதைக் காட்டிலும் இடத்துக்கே அழைத்துச் சென்று கேட்பது நல்லது. ஓடையைக் கண்டதும் மறந்துபோன மூன்று பெயர்கள் நினைவுக்கு வரும். ஆண்டு கேட்டுத் தொல்லைப்படுத்த வேண்டாம். பஞ்சம், காட்டுத்தீ, அணை கட்டிய வருஷம் என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி, பின்னர் ஆண்டைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். தாது வருஷப் பஞ்சம் என்றால் அது 1876 என்று நாம் அறிவோம் அல்லவா? பெண்களைத் தனியே கேட்பது அவசியம். கிழங்கு எங்கே தோண்டினர், விறகு எங்கே பொறுக்கினர் என்பது பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும். சபையில் ஆண்கள் முன்னிலையில் அவர்கள் பேசுவதில்லை.

பாடலைக் கைவிடக் கூடாது. நீலகிரித் தோடரின் பாடல்களை, கனடாவிலே பிறந்த அறிஞர் எமனோ 1935 முதல் 1938 வரை இங்கே தங்கிக் கேட்டு எழுதினார்; 1971இல் அவை நூலாயின. அவற்றில் ஊர்களின் பெயரும் எருமைகளின் பெயரும் நிறைந்துள்ளன. வெண்துணியில் சிவப்பும் கருப்புமாக நூல் கோத்துத் தோடப் பெண்கள் செய்யும் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தகைய குறியீட்டுக்கு விண்ணப்பிப்போர் அப்பொருள் அவ்விடத்ததே என்பதற்கு வரலாற்றுச் சான்று காட்ட வேண்டும். தறி நெய்வோரும் தங்கள் ஊர்க் கரையின் பெயரை, பேட்டுக் கோலத்தின் பெயரை, அதை முதலில் யார் போட்டார் என்பதை முதிய நெசவாளரிடம் கேட்டு வைப்பது வீண்போகாது.

சொல்ல விரும்பாததைச் சொல்லும்படி வற்புறுத்தலாகாது. மருந்து இரகசியமோ தெய்வத்தின் பெயரோ வெளியாருக்குரியதன்று என்று அவர் கருதினால் ஒலிப்பதிவை நிறுத்திவிட வேண்டும். எழுதி முடித்ததை அவருக்கு முழுதும் படித்துக் காட்டி, அடிக்கச் சொன்ன வரிகளை அடித்து, பிறகு கையொப்பமோ பெருவிரல் ரேகையோ பெற வேண்டும். அவர் யாரிடம் கேட்டார் என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். ஒரு பிரதி அவர் குடும்பத்துக்கு, ஒன்று கிராம சபைக்கு, ஒன்று வன உரிமைக் குழுவுக்கு. தூரத்து நகரத்து ஸ்தாபனம் ஏதேனும் பிரதி கேட்டால், கொடுப்பதா இல்லையா என்பதைக் கிராம சபை தீர்மானம் போட்டுச் சொல்லட்டும். அயலூர் முதியவரின் வாக்குமூலம் வேண்டும் என்று மேலே சொன்னோம். ஆகவே பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்புகள் இரண்டு சேர்ந்து, இவர்களுக்கு அவர்களும் அவர்களுக்கு இவர்களுமாக ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது வேலையைப் பாதியாகக் குறைக்கும்.